கௌரவத்தின் பெயரால் ஒரு களவு



புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும். ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரது குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பிற்குரிய நேயர்களே! வானொலியில் கேட்டதை இச்சிறுநூலில் மீண்டும் வாசிக்கும் சகோதர சகோதரிகளே!

'திருடன்' என்ற சொல் காதில் விழுந்ததும் உங்கள் மனக்கண் முன் யார் தோன்றுகிறார்? நள்ளிரவில் மதிலேறிக் குதிப்பவர். பஸ்ஸில் பணப்பையை உருவுபவர். கூரை ஓட்டைப் பிரித்து இறங்குபவர். இவர்களுக்குப் பயந்துதான் நாம் கதவுக்குத் தாழ்ப்பாளும் ஜன்னலுக்குக் கம்பியும் போட்டிருக்கிறோம். இன்று நான் பேச வந்திருப்பதோ வேறொருவரைப் பற்றி. அவர் காலையில் மடிப்புக் குலையாத மேற்சட்டை அணிந்து காரியாலயம் செல்கிறார். ஜும்ஆவுக்கு முன்வரிசையில் அமர்கிறார். பிள்ளைகளைச் சர்வதேசப் பாடசாலைக்கு அனுப்புகிறார். அவரிடம் இரும்புப் பெட்டகத்தின் சாவி இருக்கிறது. கணக்கேட்டில் எழுதும் பேனாவும் அவர் கையிலேயே இருக்கிறது. கம்பி போட்ட ஜன்னல் அவரைத் தடுக்காது. ஏனெனில், நாமே கதவைத் திறந்து, கதிரை கொடுத்து அவரை உள்ளே அமர்த்தியிருக்கிறோம்.

பசியினால் திருடுபவனின் நிலை வேறு. கடும் பஞ்சம் நிலவிய ஆண்டில் கலீஃபா உமர் (ரழி) அவர்கள் திருட்டுக்கான தண்டனையை நிறைவேற்றாதிருந்தார்கள் என்பதை மார்க்க அறிஞர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். பசித்த வயிற்றின் நிர்ப்பந்தத்தை மார்க்கம் கணக்கிலெடுக்கிறது. ஆனால் வயிறு நிறைந்திருக்க, வாகனத்துக்காகவும், வலீமா மண்டபத்துக்காகவும், அயல்வீட்டாரின் பார்வைக்காகவும் பிறர் பணத்தில் கைவைப்பவருக்கு எந்தப் பஞ்சத்தைச் சாட்டாகக் காட்டுவது?

இது ஒரு நாட்டுக்கோ ஒரு சமூகத்துக்கோ உரிய நோயன்று. 1939 ஆம் ஆண்டில் எட்வின் சதர்லாந்து என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், குற்றம் ஏழ்மையிலிருந்தே பிறக்கிறது என்ற அக்காலக் கருத்தை மறுத்துப் பேசினார். மதிப்பும் பதவியும் உடையவர்கள் தமது தொழிலுக்குள்ளிருந்தே செய்யும் குற்றங்களுக்கு அவர் தனிப் பெயரும் சூட்டினார். நமது காலத்துக்கு வருவோம். மோசடிகளை ஆராயும் நிபுணர்களின் சர்வதேசச் சங்கமொன்று, 133 நாடுகளில் நடந்த 2,110 மோசடிகளை ஆராய்ந்து 2022 இல் ஓர் அறிக்கையை வெளியிட்டது. மோசடி செய்தோரிடம் வெளிப்படையாகத் தெரிந்த அறிகுறிகளுள் முதலிடம் பெற்றது எது தெரியுமா? வருமானத்துக்கு மிஞ்சிய வாழ்க்கை. நூற்றுக்கு 39 பேரிடம் அது காணப்பட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் அதற்கு முன்னர் எந்த மோசடிக் குற்றத்துக்காகவும் தண்டிக்கப்பட்டவர்கள் அல்லர். நேற்றுவரை நல்லவர்கள் என்று பெயரெடுத்தவர்கள்.

நேற்றுவரை நல்லவராயிருந்த ஒருவர் எவ்வாறு இந்நிலைக்கு வருகிறார்? அதனை எனக்குப் புத்தகம் கற்றுத்தரவில்லை. என் முன்னால் அமர்ந்து அழுத ஒரு மனிதர் கற்றுத்தந்தார். அவரது அனுமதியுடனும், அவரை எவரும் அடையாளம் காணாதவாறும் அந்த வரலாற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பின்னரும் அவர் பள்ளிவாசல் தூணருகே அமர்ந்திருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர். டெங்குக் காய்ச்சலிலிருந்து எழுந்து ஒரு வாரமும் ஆகியிருக்கவில்லை. கையில் சேலைன் ஏற்றிய தழும்பு கறுத்திருந்தது. "ஹஸரத், நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். என் தவ்பாவை அல்லாஹ் ஏற்பானா?" என்றார்.

அவர் ஒரு வர்த்தக நிறுவனத்தில் இருபது வருடங்களாகக் கணக்குப் பிரிவில் வேலை செய்தவர். ஊர்க் கடைகளுக்குப் பொருள் அனுப்பி, பின்னர் கடைக்காரர்களிடமிருந்து வரும் பணத்தைப் பெற்று வரவு வைப்பது அவர் பொறுப்பு. மகளுக்குத் திருமணம் பேசினார்கள். வருகின்ற குடும்பம் சற்று வசதியானது. வீட்டுத் தரைக்கு மாபிள் போட வேண்டும், மண்டபம் பெரிதாயிருக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர வாசலில் ஒரு கார் நிற்க வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செலவு வளர்ந்தது. சம்பளம் வளரவில்லை. காருக்கு லீசிங் எடுத்தார். தவணை கட்டப் பணமில்லாத ஒரு மாதத்தில், ஒரு கடைக்காரர் கொண்டுவந்து தந்த 40,000 ரூபாவை வரவில் எழுதாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாத முடிவில் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தார்.

மாத முடிவு வந்தது, பணம் வரவில்லை. அந்தக் கடைக்காரரின் கணக்கில் பாக்கி நிற்பது வெளிப்பட்டுவிடுமே! ஆகவே இரண்டாவது கடைக்காரர் செலுத்திய பணத்தை முதலாமவரின் பெயரில் வரவு வைத்தார். இரண்டாமவரின் பள்ளத்தை மூன்றாமவரின் பணத்தால் மூடினார். மூன்றாமவரின் பள்ளத்தை நான்காமவரின் பணத்தால் மூடினார். பள்ளம் இடம் மாறிக்கொண்டேயிருந்தது. இடையிடையே தேவை வரும்போது அதை இன்னும் கொஞ்சம் தோண்டினார். மூன்று வருடங்களில் 40,000 ரூபா 38 இலட்சமாயிற்று.

நேயர்களே, இதிலே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இத்தகைய ஏட்டுக் கணக்கை ஓட்டுபவர் ஒரு நாள்கூட விடுமுறை எடுக்க இயலாது. அவர் இல்லாத நாளில் வேறொருவர் அந்த மேசையில் அமர்ந்தால், அன்று வரும் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் எல்லாம் அவிழ்ந்துவிடும். மகளின் திருமணத்துக்கு மறுநாளும் அவர் வேலைக்குச் சென்றார். உம்ராவுக்கு மைத்துனர் அழைத்தபோதும் மறுத்தார். முதலாளியோ, "லீவு எடுக்காத மனிதர்" என்று அவரைப் புகழ்ந்து, வருட இறுதியில் பரிசும் கொடுத்தார். இறுதியில் ஒரு நுளம்பு வந்து அவரை வைத்தியசாலைக் கட்டிலில் கிடத்தியது. கட்டிலில் கிடந்த ஐந்து நாட்களும் காய்ச்சலைவிடத் தொலைபேசியே அவரை அதிகம் நடுங்க வைத்ததாம். அந்த ஐந்து நாட்களில் எவரும் கண்டுபிடிக்கவில்லை. எழுந்து நடக்க முடிந்ததும் என்னிடம் வந்துவிட்டார்.

அவர் பேசியபோது ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் களவெடுக்கவில்லை ஹஸரத், கைமாற்றாகத்தான் எடுத்தேன்."

அந்தச் சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. பிற்பாடு இதுபற்றி வாசித்தபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. சதர்லாந்தின் மாணவரான டொனால்ட் கிரெஸி என்பவர், நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கையாடிச் சிறை சென்றவர்களை நேரிற் சந்தித்து விசாரித்து, 1953 இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்ட முடிவுகளை ஆராய்வோர் இன்றும் எடுத்தாளுகின்றனர். மூன்று விடயங்கள் ஒன்றுசேரும்போதே நம்பிக்கைக்குரிய மனிதர் கையாடுகிறார். முதலாவது, பிறரிடம் சொல்ல வெட்கப்படும் ஒரு பணக் கஷ்டம். இரண்டாவது, அதனை இரகசியமாகத் தீர்த்துக்கொள்ள அவரது பதவியே தரும் வாய்ப்பு. மூன்றாவது, தன்னை இன்னும் நல்லவனாகவே எண்ணிக்கொள்ள உதவும் ஒரு நியாயம். கிரெஸி சந்தித்தவர்களுள் பலரும் கூறிய நியாயம் என்ன? "நான் திருடவில்லை, இரவலாகவே எடுத்தேன்" என்பதுதான். அமெரிக்கச் சிறையில் சொல்லப்பட்ட அதே சொல்லை, எழுபது வருடங்களின் பின்னர் நமது பள்ளிவாசல் தூணருகே நான் கேட்டேன்.

கைமாற்று என்றால் கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உரியவர் அறியாமல், அவர் கொடுக்காமல் எடுத்ததற்குக் கடன் என்று பெயர் சூட்டினால் அது கடனாகிவிடாது. உண்மைக் கடனைக்கூட நபி (ஸல்) அவர்கள் அஞ்சினார்கள். தமது தொழுகையில் பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் அன்னார் பாதுகாவல் தேடுவார்கள். கடனை ஏன் இவ்வளவு அதிகமாக அஞ்சுகிறீர்கள் என்று ஒருவர் வினவியபோது, கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கிறான், வாக்களித்தால் மாறுசெய்கிறான் என்ற கருத்தில் விடையளித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் இது பதிவாகியுள்ளது. கேட்டுப் பெற்ற கடனே மனிதனைப் பொய்யனாக்கிவிடுமென்றால், கேளாமல் எடுத்த 'கடன்' அவனை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்?

பதவியை வாய்ப்பாக்கிக்கொள்ளும் நோயும் புதியதன்று. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பிவந்து, "இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது" என்று பிரித்துக் காட்டினார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அம்மனிதர் தம் தாய் தந்தையரின் வீட்டில் அமர்ந்திருந்தால் அவ்வன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். வழங்கல் பிரிவில் கொமிஷன் வாங்கும் அதிகாரியும், கோப்பை நகர்த்த 'சந்தோஷம்' எதிர்பார்க்கும் உத்தியோகத்தரும், போலிப் பற்றுச்சீட்டில் பயணச் செலவு எடுப்பவரும் இந்தக் கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளட்டும். கைபர் போரின் பின் அம்பு தைத்து இறந்த ஒரு பணியாளரை ஸஹாபாக்கள் சுவர்க்கவாதியென வாழ்த்தியபோது, பங்கிடப்படுமுன் பொதுச் சொத்திலிருந்து அவர் எடுத்த ஒரு போர்வை அவர்மீது நெருப்பாய் எரிகிறது என நபியவர்கள் எச்சரித்தார்கள். அதைக் கேட்ட ஒருவர் ஓடோடிச் சென்று, தாம் எடுத்த செருப்பு வாரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். செருப்பு வார்! அதன் பெறுமதி என்ன? ஆனால் அவர் 'சிறியதுதானே' என்று இருந்துவிடவில்லை. நமது மனிதருக்கும் 40,000 ரூபாவிலேயே அந்தப் பயம் வந்திருந்தால் 38 இலட்சம் பிறந்திராது.

சகோதரர்களே, நான் நியாயமற்றுப் பேச விரும்பவில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியை நாமனைவரும் அனுபவித்தோம். அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. மாதச் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பங்கள் ஒரே வருடத்தில் பல படிகள் கீழே இறங்கின. இறங்கியது உண்மை. ஆனால் இறங்கிவிட்டோம் என்று ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனமிருக்கவில்லை. வருமானம் கீழே வந்த பின்னரும் வாழ்க்கையைப் பழைய படியிலேயே நிறுத்திவைக்க முயன்றார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியை எதைக்கொண்டு நிரப்புவது? சிலர் கடனால் நிரப்பினார்கள். சிலர் அமானிதத்தால் நிரப்பினார்கள்.

கையில் நிறுவனத்தின் பெட்டகம் இல்லாதவர்கள் உறவினர்களின் நம்பிக்கையையே பெட்டகமாக்கிக் கொண்டார்கள். பிரமிட் திட்டங்களைச் சொல்கிறேன். "இவ்வளவு பணம் போடுங்கள், ஐந்து பேரைச் சேர்த்துவிடுங்கள், வீட்டிலிருந்தே இலட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம்" என்று அழைப்பவர் அந்நியர் அல்லர். மச்சான், ஆசிரியர், கூடப் படித்தவர். புதிய கார், வெளிநாட்டுப் பயணம், ஹோட்டல் கூட்டத்தில் எடுத்த புகைப்படம் ஆகியவைதாம் அவர்களின் விளம்பரம். நீங்களே ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஐவரைச் சேர்க்கிறார். அந்த ஐவரும் தலா ஐவரைச் சேர்க்க 25 பேர். பின்னர் 125. இப்படியே பதினோராவது படியில் நான்கு கோடியே எண்பத்தெட்டு இலட்சம் பேர் தேவைப்படுவார்கள். நமது நாட்டின் சனத்தொகையோ ஏறத்தாழ இரண்டு கோடியே இருபது இலட்சம்! ஆகவே கடைசியில் சேர்ந்தவர் பணத்தை இழப்பது தற்செயலாக நடப்பதல்ல. அது அத்திட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது. 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சீ பிரிவு இத்தகைய திட்டங்களைத் தடைசெய்துள்ளது. இலங்கை மத்திய வங்கியும் மீண்டும் மீண்டும் எச்சரித்து வந்திருக்கிறது. முதற்படியில் இருந்தவர் ஓட்டும் கார், கடைசிப் படியில் இருந்த விதவை அடகு வைத்த காப்பினால் வாங்கப்பட்டது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி, இவ்வுரையின் மிகக் கடினமான பகுதிக்கு வருகிறேன். அது என்னைப் பற்றியது, உங்களைப் பற்றியதும்கூட.

ஸூரத்துல் கஸஸில் அல்லாஹ் காரூனின் வரலாற்றைக் கூறுகிறான். காரூன் தன் அலங்காரத்துடன் மக்கள் முன்னே வெளிப்பட்டான். அங்கே இருசாரார் நின்றிருந்தார்கள். உலக வாழ்வை விரும்பியோர், அவனுக்குக் கிடைத்தது தமக்கும் கிடைக்கலாகாதா என்று ஏங்கினார்கள். அறிவு வழங்கப்பட்டோர், அல்லாஹ்விடமுள்ள கூலியே மேலானதென்று எச்சரித்தார்கள். காரூன் தன் வீட்டோடு பூமிக்குள் அமிழ்த்தப்பட்ட பின்னர்தான், முதல்நாள் ஏங்கியவர்களுக்கு விழிப்பு ஏற்பட்டது. காரூன் ஒருவன் மட்டும் அந்தச் சம்பவத்தில் இல்லை. வீதியோரம் நின்று வாய்பிளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள்.

நான் கூறிய மனிதரின் மகளுடைய நிக்காஹ் மஜ்லிஸில் பிரசங்கம் செய்தவன் நான். மண்டபத்தின் மின்விளக்கு அலங்காரத்தைப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான ஸஹனைப் பார்த்தேன். அவர் என்ன உத்தியோகம் பார்க்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். இச்சம்பளத்தில் இது எப்படி என்ற கேள்வி ஒரு கணம் மனதில் எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அதை அமுக்கிவிட்டு, "அல்லாஹ் இவருக்கு மென்மேலும் பரக்கத் செய்வானாக!" என்று துஆச் செய்தேன். அதே வருடம் எமது மத்ரஸாக் கட்டிட நிதிக்கு அவர் 2 இலட்சம் ரூபா கொடுத்தபோது, ஒலிபெருக்கியில் அவர் பெயரை வாசித்தவனும் நானே. அந்த 2 இலட்சமும் கடைக்காரர்களின் வரவில் எழுதப்படாத பணம் என்பதை அந்த இரவில்தான் அறிந்தேன். அவர் கேட்டார்: "ஹஸரத், எல்லோரும் என்னைப் பெரிய மனிதன் என்று சொன்னீர்கள். அந்தப் பெயரை எப்படி நான் கீழே போடுவேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பெயரைச் சூட்டியவர்களுள் நானும் ஒருவன்.

மறுநாள் நம்பிக்கையாளர் சபையிடம் விடயத்தைச் சொல்லாமல், "அந்த 2 இலட்சமும் உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டிய பணம்" என்று மட்டும் கூறினேன். ஒருவர், "கட்டிட வேலைக்குச் செலவாகிவிட்டதே, நன்மையான காரியத்துக்குத்தானே போயிற்று?" என்றார். அல்லாஹ் தூய்மையானவன், தூய்மையானதையன்றி ஏற்கமாட்டான் என்று கற்பிக்கப்பட்ட சமூகம் நாம். நீண்ட பயணத்தில் தலைவிரி கோலமாய்க் கையேந்தும் ஒருவனின் உணவும் உடையும் ஹராமாயிருக்க, அவனது துஆ எவ்வாறு ஏற்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் வினவியதை முஸ்லிம் கிரந்தத்தில் வாசித்தவர்கள் நாம். ஹராமான பணத்தில் எழுந்த சுவருக்குள் அந்த ஹதீஸை எப்படிப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது? சபையார் விளங்கிக்கொண்டார்கள். மூன்று மாதங்களில் பணம் திரட்டப்பட்டுத் திருப்பி ஒப்படைக்கப்பட்டது.

அவரது கேள்விக்கு என்ன விடை? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தவ்பாவின் நிபந்தனைகளைத் தெளிவுபடுத்தியுள்ளார்கள். பாவத்தை விட்டுவிடுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்யாதிருக்க உறுதி பூணுதல். இம்மூன்றும் அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடைப்பட்ட பாவத்துக்குரியவை. மனிதனின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதும் உண்டு: உரியவரிடம் திருப்பிக் கொடுத்தல், அல்லது அவரிடம் மன்னிப்புப் பெறுதல். இரவெல்லாம் தஹஜ்ஜுத் தொழுது அழுதாலும் இந்நான்காவது நிபந்தனை தானாக நிறைவேறாது. இதை நான் அவருக்குச் சொன்னபோது அவர் வெகுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "சிறைக்குப் போவேனே" என்றார். போக நேரலாம் என்றேன். 1883 முதல் இந்நாட்டிலிருக்கும் தண்டனைச் சட்டக்கோவையில் நம்பிக்கை மோசடி தெளிவாகவே குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது. 'இல்லை, ஒன்றும் நடக்காது' என்று ஆறுதல் கூற என் நாவு எழவில்லை.

இவ்விடத்தில் நாம் இன்னொரு தவறையும் செய்கிறோம். தேங்காய் திருடியவனைக் கம்பத்தில் கட்டி அடிக்கும் ஊர், இலட்சங்களை விழுங்கிய 'நல்ல குடும்பத்துப் பிள்ளை'யின் விடயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பஞ்சாயத்துப் பேசுகிறது. மக்ஸூம் குலத்தைச் சேர்ந்த ஓர் உயர்குடிப் பெண் திருடியபோது, அவளுக்காகப் பரிந்துபேச உஸாமா (ரழி) அவர்களை அனுப்பினார்கள். நபியவர்கள் கோபமுற்றார்கள். உயர்ந்தவன் திருடினால் விட்டுவிடுவதும், எளியவன் திருடினால் தண்டிப்பதுமே முன்னைய சமூகங்களை அழித்தது என்று எச்சரித்தார்கள். தமது மகள் ஃபாத்திமாவே திருடியிருந்தாலும் சட்டம் ஒன்றுதான் என்பதைப் பகிரங்கமாக அறிவித்தார்கள்.

அந்த மனிதர் தாமாகவே முதலாளியிடம் சென்றார். கணக்குகளைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். காரைக் கொடுத்தார். மனைவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். வேலை போயிற்று. முதலாளி பொலிஸுக்குச் செல்லாமல், மீதியைத் தவணையாகச் செலுத்த உடன்பட்டார். அது அவரது உரிமை, அவரது பெருந்தன்மை. இன்னும் கடன் தீரவில்லை. இன்று அவர் ஒரு சிறு கடையில் நாட்சம்பளத்துக்கு இருக்கிறார். சைக்கிளில் போய்வருகிறார்.

நேயர்களே, என் நெஞ்சை உறுத்துவது இதன் பிறகு நடந்ததுதான். கார் ஓட்டிய காலத்தில் எழுந்து நின்று ஸலாம் சொன்னவர்கள், சைக்கிளில் வருபவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அமானிதத்தில் கைவைத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு மரியாதை கிடைத்தது. அமானிதத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்ததும் மரியாதை போய்விட்டது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமது பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? இன்னொரு காரியாலயத்தில், இப்போது முதல் 40,000 ரூபாவைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறும் ஒருவர் எதைக் கற்றுக்கொள்வார்?

ஆகவே, உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

குடும்பத் தலைவரே, உங்கள் சம்பளம் எவ்வளவென்பது உங்கள் மனைவிக்குத் தெரியட்டும். வசதியுள்ளவர் தன் வசதிக்கேற்பச் செலவிடட்டும், வாழ்வாதாரம் சுருக்கப்பட்டவர் அல்லாஹ் தனக்களித்ததிலிருந்து செலவிடட்டும் என்பது ஸூரத்துத் தலாக்கின் வழிகாட்டல். "என்னிடம் இல்லை" என்று வீட்டில் சொல்லமுடிந்த மனிதர் காரியாலயப் பெட்டகத்தைத் திறக்கமாட்டார். சகோதரியே, கணவர் கொண்டுவரும் பணம் வழமையைவிட அதிகமாயிருந்தால், எங்கிருந்து வந்தது என்று அன்போடு கேளுங்கள். மறுமையில் கேட்கப்படும் கேள்வியும் அதுவே: எவ்வழியில் சம்பாதித்தாய், எவ்வழியில் செலவிட்டாய்?

பெண்ணெடுக்கும் குடும்பத்தினரே, உங்கள் ஒவ்வொரு எதிர்பார்ப்பும் ஒரு தந்தையின் தோளில் விழுகிறது. அவர் அதை எங்கிருந்து தூக்குவார் என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள்.

வியாபாரிகளே, ஒரே ஊழியரிடம் பணத்தைப் பெறுவதையும், வரவெழுதுவதையும், சரிபார்ப்பதையும் ஒப்படைக்காதீர்கள். வருடத்தில் இரண்டு வாரமாவது கட்டாய விடுமுறை கொடுத்து, அந்த மேசையில் வேறொருவரை அமர்த்துங்கள். அதைச் சந்தேகமாக எண்ண வேண்டியதில்லை. உங்கள் சகோதரரை ஷைத்தானின் வாய்ப்பிலிருந்து காப்பதும் அமானிதமே.

பள்ளிவாசல் நிருவாகிகளே, என் போன்ற உலமாக்களே, நன்கொடைப் பட்டியலை ஒலிபெருக்கியில் வாசிக்குமுன் சிந்திப்போம். கஷ்டத்தில் இருப்பவர் வெட்கமின்றி வந்து சொல்லக்கூடிய ஓர் இடம் மஹல்லாவில் இருக்கிறதா? ஸகாத் நிதியிலும் வட்டியில்லாக் கடன் நிதியிலும் சட்டை மடிப்புக் குலையாத ஏழைக்கும் பங்குண்டு. சொல்ல முடியாத கஷ்டமே களவின் முதற்படி. அதனைச் சொல்ல ஒரு வாசலைத் திறந்துவைப்பது நமது கடமை.

இப்போது இதனை வாசித்துக்கொண்டிருக்கும் உங்களுள் எவரேனும் ஒருவர், அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்றால், தயவுசெய்து இன்றே நின்றுவிடுங்கள். நாளை திருப்பி வைக்கலாம் என்ற எண்ணம் அவரையும் இப்படித்தான் ஏமாற்றியது. அல்லாஹ்வை அஞ்சுபவருக்கு அவன் ஒரு வழியை ஏற்படுத்துவதாகவும், அவர் எண்ணிப்பாராத புறத்திலிருந்து வாழ்வாதாரம் அளிப்பதாகவும் வாக்களித்துள்ளான். அந்த வழி கடினமாயிருக்கலாம். சைக்கிளில் போகும் வழியாயிருக்கலாம்.

நாளை உங்கள் வீதியில் அப்படியொருவர் சைக்கிளில் வந்தால், முந்திக்கொண்டு நீங்கள் ஸலாம் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்களுக்கு ஹலாலைப் போதுமானதாக்கி, ஹராமின் தேவையை எங்களை விட்டும் நீக்குவாயாக! பிறர் கண்ணுக்காக வாழும் வாழ்விலிருந்து எங்களையும் எங்கள் சந்ததியினரையும் காத்தருள்வாயாக! திரும்பி வருவோரை வரவேற்கும் உள்ளத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.